சித்தப்பாவின் பிடி

அறுபதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களை ஊர்க் கூட்டத்துக்கு யாரும் யோசனை கேட்கக் கூப்பிடுவதில்லை. பழைய சங்கதி ஒன்றுக்குச் சாட்சி தேவைப்பட்டால் மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். போன தை மாதம் எனக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்தது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் இருக்கிறது. எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே கல்வராயன் மலை தெரியும். ஊர்க் கபடி மன்றத்துக்கு இப்போதுதான் சொந்தக் கட்டடம் வந்திருக்கிறது. உள்சுவரில் ஊரின் சிறந்த ஆட்டக்காரர்கள் படங்களைப் பெரிதாக மாட்ட வேண்டும் என்று பையன்கள் முடிவு செய்திருந்தார்கள். முதல் படம் என் அப்பாவுடையது. மன்றத்தை ஆரம்பித்தவர், முதல் அணியின் கேப்டன். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பாவின் பெயரை ஒருவன் சொன்னபோதுதான் கூட்டம் இரண்டாகிவிட்டது.

"அவரு மாரி பிடி இன்னிவரைக்கும் இந்த ஜில்லாவுலயே யாரும் புடிச்சதில்லன்னு எங்க தாத்தாவே சொல்வாரு" என்றான் மன்றத் தலைவன். அவன் என் அண்ணன் மகன்.

"புடிச்சாரு, இல்லன்னு சொல்லல" என்றார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறவர். "அந்தப் பிடியிலதான ஒரு மனுசன் முடமாப் பூட்டான்? அவரு படத்துக்குக் கீழ நின்னு சின்னப் பசங்களுக்கு நான் இன்னான்னு ஆட்டம் சொல்லிக் குடுக்கறது?"

சித்தப்பாவோடு ஒரே அணியில் ஆடிய ஒருவர் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். "அது ஆட்டத்துல நடந்துச்சி. அத வுடு. பைனலுக்கு வரமாட்டன்னு வூட்ல குந்திக்கினானே, அத எப்பிடி வுடறது? ஊரு மானமே பூட்ச்சி அன்னிக்கி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அத்த, நீங்க சொல்லுங்க. நீங்கதான் கூட இருந்தவங்க" என்றான் அண்ணன் மகன்.

நான் அங்கே என்ன சொன்னேன் என்பது பிறகு. அந்த வருஷம் நடந்ததை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. பொங்கலுக்கு முன்பே கரும்பு வெட்டு முடிந்த கொல்லையில் காய்ந்த சோகை இலையைக் கொளுத்தி, கட்டையைத் தோண்டி எடுத்து, தண்ணீர் தெளித்து மிதித்து ஆடுகளம் செய்வார்கள். சாயங்காலம் ஆனால் தெருவெல்லாம் நீலகிரித் தைலமும் வியர்வையும் கலந்த வாசனை அடிக்கும். அணிக்கு மஞ்சள் பனியன். எல்லாம் அம்மா சாயம் போட்டது. முதல் மழையில் சாயம் இறங்கி ஏழு பேர் இடுப்பும் மஞ்சளாகிவிட்டது என்று ஊரே சிரித்தது. போன வருஷம் ஜெயித்த பித்தளைக் கோப்பை எங்கள் வீட்டு ரேடியோ மேல் இருந்தது. அப்பா இல்லாத நேரத்தில் அம்மா அதில் அரிசி அளப்பாள்.

அப்பா கேப்டன் என்றாலும் அணியின் உயிர் சித்தப்பாதான். குள்ளம். பேச்சு கம்மி. களத்தின் வலது மூலையில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தூங்கி வழிகிறவர் போல நிற்பார். எதிராளி பாடிக்கொண்டு வந்து, இந்த ஆள் இருப்பதையே மறந்து, ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தால் போதும். கணுக்காலில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை. அவ்வளவுதான். மரத்தில் கட்டிய மாடு மாதிரி அவன் நின்றுவிடுவான். அப்படிப் பிடித்தவனை எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டுத்தான் சித்தப்பா தன் மூலைக்குத் திரும்புவார். பிடிபட்டவனே சிரித்துவிடுவான்.

அப்பாவுக்கு வேறொரு பெயர் இருந்தது. சுளுக்கு எடுப்பதில் கைராசிக்காரர். சங்கராபுரம் பக்கமிருந்தெல்லாம் வந்து எங்கள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். எண்ணெய் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்து, ஆள் அசந்த சமயத்தில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. சொடக்கென்ற சத்தம். எழுந்து நடந்து போவார்கள்.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் போட்டி. மலையிலிருந்து ஓர் அணி முதல்முறையாக வந்திருந்தது. ஆளுக்கொரு நிறத்தில் சட்டை, வெறுங்கால். கேலி செய்தவர்கள் எல்லாம் முதல் பத்து நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அணியில் ஒருவர், இருபது வயசு இருக்கும், ஒல்லி, நெட்டை. பாடிக்கொண்டு வந்தால் கால் மண்ணில் பட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கரும்பு வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த நாங்கள், ஊர்ப் பெண்பிள்ளைகள், எங்கள் அணி தோற்றுக்கொண்டிருப்பதையே மறந்துபோய் அவருக்குக் கை தட்டினோம். அம்மா கீழேயிருந்து என் காலைக் கிள்ளினாள்.

கடைசி நேரத்தில் அவர் பாடிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்களைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது வழியை மறித்தார்கள். அவர் எம்பிக் குதித்தார். தலைக்கு மேல் போகிற ஆளை யாராலும் பிடிக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சித்தப்பா மூலையிலிருந்து பாய்ந்து, அந்தரத்தில் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். விசில் ஊதினார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

வண்டி மேலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கை விரல்கள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. "கழுத்து, கழுத்து" என்றார். சித்தப்பா பக்கத்தில் மண்டியிட்டு, "யாரும் தொடாதீங்க, கொஞ்சம் மூச்சு வுடட்டும்" என்று கத்தினார்.

அப்பா சித்தப்பாவைத் தள்ளிவிட்டு வந்தார். "சுளுக்கிக்கினு இருக்கும். இர்றா, நான் பாக்கறேன்."

அப்பா உட்கார்ந்தார். அந்தத் தலையை இரண்டு கைகளிலும் ஏந்தினார். "எந்த ஊருப்பா நீ? பொண்ணு பாத்திருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு வெடுக்கென்று இழுத்தார்.

விரல்கள் நின்றுவிட்டன.

எனக்கு அன்றைக்கு அதன் அர்த்தம் தெரியாது. வலி நின்றுவிட்டது, அதனால்தான் பிறாண்டுவதை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "சரியாப் பூட்ச்சி, தூக்கி உக்கார வெய்யுங்க, சோடா குடுங்க" என்றார். தூக்கி உட்காரவைத்தார்கள். தலை மார்பில் சாய்ந்தது. கழுத்து வழியாகச் சோடா வழிந்தது.

கரும்பு டிராக்டரில் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு. சித்தப்பா கூடவே போனார். அவர் திரும்பி வந்தபோது மாமரத்தில் பிஞ்சு விட்டிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. அதே மஞ்சள் பனியன்தான் போட்டிருந்தார், அது வெள்ளையாகிவிட்டிருந்தது.

"இடுப்புக்குக் கீழ ஒண்ணியும் இல்லியாம். கையும் பாதிதானாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சங்கராபுரத்தில் பைனல். அந்த மலை அணியை ஜெயித்துத்தான் எங்கள் ஊர் பைனலுக்குப் போயிருந்தது. வேன் வந்து நின்றது, மேளம் அடித்தார்கள். சித்தப்பா வெளியே வரவில்லை. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே போய்க் கூப்பிட்டார். பின்னாலேயே ஊரும் வந்து நின்றது.

"நான் வர்ல."

"இன்னா வர்ல? ஊரே நிக்கிது. ஆட்டத்துல அடிபடறதுதான். உனக்கு இன்னா, கை நடுங்குதா?"

"ஆமாண்ணா. நடுங்குது."

அப்பா ஊர் பார்க்க அவர் கன்னத்தில் அறைந்தார். "பொட்டப் பய" என்றார். சித்தப்பா கையிலிருந்த வைக்கோலைக் கீழே போடவில்லை. அதை மாட்டுக்குப் போட்டுவிட்டுத்தான் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அன்றைக்கு எங்கள் ஊர் தோற்றது. பித்தளைக் கோப்பை கைமாறிப் போனது. அப்பா அதற்கப்புறம் சித்தப்பாவிடம் நேராகப் பேசவில்லை. "அவன சாப்புட சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார்.

சித்தப்பா மலைக்குப் போக ஆரம்பித்தார். மாசத்துக்கு ஒருமுறை, வேலை இல்லாத நாட்களில் அடிக்கடி. போகும்போது அரிசி மூட்டையும் பழைய வேட்டிகளும். வரும்போது கடுக்காய், தேன், பலாப்பழம். அவருக்குப் பார்த்த பெண் வீட்டார், மலையில் இவருக்கு ஒரு தொடுப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பின்வாங்கினார்கள். அம்மாவே அதை நம்பினாள். "யாரு கண்டா, தேன் மட்டுமா குடுக்கறாளுங்க அங்க" என்று கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாள். சித்தப்பா காதில் விழுந்திருக்கும்.

அந்தக் கோடை விடுமுறையில் என்னை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். கச்சிராயபாளையம் வரை பஸ். பிறகு நடை. பாதி ஏற்றத்தில் நான் அழ, தோளில் தூக்கிக்கொண்டார். மேலே குளிராக இருந்தது. சாமைக் கொல்லைக்கு நடுவே கூரை வீடு. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அந்த ஆட்டக்காரர் கிடந்தார். வேப்பெண்ணெயும் மஞ்சளும், அதற்கடியில் வேறொரு நாற்றமும். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சித்தப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெந்நீர் வைத்தார். அவரைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகுப் புண்ணைக் கழுவினார். நிதானமாக, கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற மாதிரி. இருவரும் பேசிக்கொண்டார்கள். மழை, பன்றி சாமையைத் தின்றது, பஸ் ரோடு எப்போது மேலே வரும் என்பது. கபடி என்ற சொல் அந்த வீட்டில் வரவே இல்லை. கட்டிலில் கிடந்தவருக்கு ஒரு தங்கை, என்னைவிட ஒரு வயது சின்னவள். அவளும் நானும் வெளியே புளியங்கொட்டை ஆடினோம். பலாச்சுளையைப் பிட்டு எனக்கு ஊட்டிவிட்டாள். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் அவர்கள் என்பதைத் திரும்பி வரும் வழியில்தான் சித்தப்பா சொன்னார்.

"சித்தப்பா, அந்த அண்ணன் எப்ப எழுந்து நடப்பாரு?"

"அதுக்குத்தான் போய்க்கினு இருக்கறேன்" என்றார்.

சில வருஷங்கள் கழித்து நான் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் வகுப்பில், கழுத்தில் அடிபட்டவரை எப்படி அசைக்காமல் தூக்க வேண்டும், தலையைத் திருப்பினால் என்ன ஆகும் என்று சொல்லித்தந்தார்கள். விரல் அசைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த வண்டியும், மண்ணைப் பிறாண்டிய விரல்களும் ஞாபகம் வந்தன. பாதி வகுப்பில் எழுந்து வெளியே போய்விட்டேன். பக்கத்தில் இருந்தவள் வெயில் என்றாள்.

நான் லீவில் ஊருக்கு வந்த சமயத்தில்தான் மலையில் அவர் இறந்துபோனார். காய்ச்சலாம். சித்தப்பா போய்க் கொள்ளி வைத்து, மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். "எவனோ செத்ததுக்கு மொட்ட போட்டுக்கினு வந்து நிக்கறான் பாரு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். சித்தப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். கரும்புக்குத் தண்ணீர் மடை திருப்பிக்கொண்டிருந்தார். படித்ததையெல்லாம் சொன்னேன். பிடித்ததால் மட்டும் அப்படி ஆகியிருக்காது, அதற்கப்புறம் தலையை இழுத்ததால்தான் இருக்கும், நான் விரலைப் பார்த்தேன் என்றேன். அவர் முகம் தெளிந்துவிடும், எத்தனையோ வருஷப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

சித்தப்பா மடையில் மண் வைத்து மிதித்தார்.

"விரலு ஆடிக்கினு இருந்துச்சி. நானும் பாத்தேன்" என்றார்.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாண்டிச்சேரில டாக்டரு கேட்டாரு, யாரு தலைய தொட்டதுன்னு. தெரியலன்னு சொல்லிட்டேன்." தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பன் நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சான். அவன் இருக்கற வரைக்கும் இத சொல்லிடாத. அவன் தாங்கமாட்டான். எனக்குப் பழகிப் போச்சி."

"அவரு உன்ன ஊரு முன்னால அடிச்சாரே சித்தப்பா."

"அடிச்சிட்டுப் போறான். நான் புடிக்கலன்னா அவன் ஏன் தலைய தொடப் போறான்? அதுவும் இருக்குதில்ல."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையில் அந்தத் தங்கை தனியாக இருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தது சித்தப்பாதான். அப்பா கடைசிவரை சுளுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். கைராசிக்காரர் என்ற பெயரோடுதான் போனார். அடுத்த வருஷமே சித்தப்பாவும் போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, கரும்புக் கொல்லையில் உட்கார்ந்தவாக்கில் போனார். மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து அழுதபோது, இவர்கள் யார் என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். எதிரே சுவரில் அப்பா படம், மாலையோடு. பக்கத்தில் அண்ணன் மகன், தாத்தா தோளிலேயே வளர்ந்த பிள்ளை. அப்பா போய்விட்டார், இனி சொல்லலாம். சொன்னால் சித்தப்பா படம் ஏறும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தை மாட்ட ஆணி அடித்தவன் தான்தான் என்று வாசலிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தான். சித்தப்பா ஆயுள் முழுக்கப் பொத்தி வைத்ததை, அவருக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கித் தருவதற்காக என்னால் அங்கே உடைக்க முடியவில்லை.

"அவரு பைனலுக்குப் போகாதது பயத்தால இல்ல" என்று மட்டும் சொன்னேன். "அந்த ஆளு சாகற வரைக்கும் போய் பீ மூத்திரம் அள்ளனாரு."

விளையாட்டு ஆசிரியர் யோசித்துவிட்டு, "அப்பிடின்னா அடிபட்டவரு வூட்டாளுங்களயே கேட்ருவோம். அவங்க சரின்னா எனக்கும் சரி" என்றார். "அந்த மலைக்காரரு பேரு இன்னா?" என்று ஒருவன் கேட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சொன்னேன். அவன் இரண்டாம் முறையும் கேட்டான்.

இப்போது மலைக்கு நேராகவே பஸ் போகிறது. அந்தத் தங்கை பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கூரை போய் மாடி வீடு வந்திருக்கிறது. வாசலில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், "வாக்கா, எவ்ளோ நாளாச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு போட்டாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

அவள் வெகுநேரம் சாமையைக் கையால் கலைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் படத்த வெய்யட்டுங்க்கா. வேணாம்னு நான் சொல்வனா? அது எங்களுக்கு அப்பன் மாரி." பிறகு கேட்டாள்: "எங்கண்ணன் படத்தையும் வெப்பாங்களா?"

அவள் சித்தப்பாவையும் அண்ணன் என்றுதான் சொல்வாள். எங்கண்ணன் என்றால் அது கட்டிலில் கிடந்தவர்.

நான் கீழே வந்து சொன்னேன். பையன்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையாகவே சங்கடப்பட்டார்கள். மன்ற விதிப்படி ஊர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான், வெளியூர் ஆளை வைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள். ஒன்றை மட்டும் வைத்தால் மலையில் மனசு நோகும். ஆகவே இரண்டும் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிந்தது. திறப்பு விழா நன்றாக நடந்தது. அப்பா படத்துக்கு ரோஜா மாலை போட்டார்கள். அண்ணன் மகன் இதைப் படிப்பான். படிக்கட்டும். தாத்தா படத்தை அவன் கழற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் நண்பர்களே, எனக்கு மனசில் நிற்பது விழா இல்லை. அன்றைக்கு மலையில், பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அந்தத் தங்கை கேட்டாள்:

"அக்கா, எங்கண்ணன் நல்லா ஆடுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் பாத்ததே இல்லக்கா. பொம்பளப் புள்ள இன்னாத்துக்குன்னு கீழ கூட்டிக்கினு போகமாட்டாங்க. படுத்த அண்ணனத்தான் எனக்குத் தெரியும். உங்க சித்தப்பாகிட்ட கேக்கலாம்னு எவ்ளோ நாளு வாய் வரைக்கும் வரும். கேட்டா அது மனசு ஒடஞ்சிடும்னு வுட்டுட்டேன். நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். "நாங்க எங்க ஊர் ஆளுங்கள வுட்டுட்டு உங்கண்ணனுக்குத்தான் கை தட்டினோம்."

"எப்பிடி ஆடும்?"

சொல்லிப் பார்த்தேன். வாயால் வரவில்லை. எழுந்தேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். முட்டி வலிக்கிற இந்த வயசில், சாமை காய்ந்துகொண்டிருந்த வாசலில், சுண்ணாம்புக் கட்டிபோலக் கிடந்த ஒரு கல்லால் கோடு போட்டேன். கபடி, கபடி, கபடி. இப்படித்தான் வலது காலை முன்னால் போட்டு வருவார். இப்படித்தான் கையை நீட்டாமல் நீட்டுவார். பிடிக்க வந்தால் இப்படி ஒரு திருப்பு. கண் எங்கேயோ பார்க்கும், விரல் எங்கேயோ தொடும். தொட்டதே தெரியாது, தொடப்பட்டவன்தான் தலையைத் தொங்கப்போடுவான். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் பேரப்பிள்ளைகள் ஓடிவந்து நின்றார்கள். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்தபடி, என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி, கோட்டைப் பார்த்து ஓடினேன். அடுத்தது அந்தக் குதிப்பு.

அவள் கையை உயர்த்தினாள்.

"போதும்க்கா. அதோட வுட்டுடு. அதுக்கப்புறம் எனக்குத் தெரியும்."